பேட்டரி இன்று, சோலார் பிறகு: செந்தூல் வீட்டுக்கு ஒரு திட்டம்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் விளங்க வேண்டும். கோலாலம்பூர் செந்தூலில் இரண்டு மாடி வரிசை வீடு, சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. அம்மாவுக்கு ஐந்து லிட்டர் ஆக்சிஜன் இயந்திரம் இரவெல்லாம் ஓடுகிறது. இடி மழை பெய்தால் மின்சாரம் போகிறது. 280 ஆம்பியர் மணி செல் பதினாறை இணையத்தில் வாங்கி நீங்களே பேட்டரி கட்ட நினைக்கிறீர்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கூரையில் சோலார். இரவில் மலிவாக நிரப்பி மாலையில் பயன்படுத்தினால் பில் குறையுமா, எந்த இன்வெர்ட்டர் வாங்குவது, பேட்டரியை மாடிப்படிக்குக் கீழே வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம், உங்கள் நம்பிக்கை தவறான இடத்தில் இருப்பது அங்கேதான். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கும் மின்கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட்டின் எரிசக்திக் கட்டணம் 27.03 சென். அதோடு கொள்ளளவுக்கு 4.55 சென், கம்பிக் கட்டமைப்புக்கு 12.85 சென். கூட்டினால் 44.43 சென். நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு நீங்கள் மாறினால் எரிசக்திப் பகுதி மட்டும்தான் மாறும்: வார நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை 28.52 சென், மற்ற நேரமெல்லாம் 24.43 சென். வித்தியாசம் நாலு சென்னுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இப்போது பேட்டரியைக் குறுக்கே வையுங்கள். சுவரிலிருந்து பேட்டரிக்குப் போய், பேட்டரியிலிருந்து மறுபடி 230 வோல்ட்டாகத் திரும்பி வரும்போது வழியில் கொஞ்சம் வெப்பமாகக் கரைந்துவிடும். பத்து யூனிட் வெளியே எடுக்க ஏறக்குறைய பதினொன்றரை யூனிட் உள்ளே போட வேண்டும். மலிவு நேரத்தில் பதினொன்றரை யூனிட்டின் விலை 4 ரிங்கிட் 81 சென். மாலையில் அது மிச்சப்படுத்தித் தரும் பத்து யூனிட்டின் விலை 4 ரிங்கிட் 59 சென். ஒவ்வொரு நாளும் 22 சென் கைநட்டம், பேட்டரியின் தேய்மானம் தனி. வெளிநாட்டுக் காணொளிகளில் இரவுக் கட்டணமும் மாலைக் கட்டணமும் மூன்று நான்கு மடங்கு விலகி நிற்கும் ஊர்களைக் காட்டுகிறார்கள். அந்த ஊர்க் கணக்கு கோலாலம்பூரில் செல்லாது. ஆகவே பில் குறையும் என்பதற்காக இன்று பேட்டரி வாங்க வேண்டாம்.

அம்மாவுக்காக வாங்குங்கள். அது போதுமான காரணம். அந்த ஒரு காரணத்தை மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் அளவெடுக்கலாம்.

ஐந்து லிட்டர் ஆக்சிஜன் இயந்திரம் சுமார் 350 வாட் எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 2.8 யூனிட். இரண்டு சீலிங் ஃபேன் ஒரு யூனிட், ஃபிரிட்ஜ் அரை யூனிட்டுக்குள், விளக்குகளும் வைஃபை பெட்டியும் சேர்த்து 0.3. மொத்தம் 4.6 யூனிட் என்று வையுங்கள். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு எடுப்பதையும் சேர்த்தால் ஐந்தே முக்கால். பேட்டரியை அடிமட்டம் வரை வறட்டக் கூடாது, ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள் என்றால் ஏழேகால் யூனிட்டுக்குக் குறையாத பேட்டரி வேண்டும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணிப் பேட்டரி ஒன்று 5.12 யூனிட்தான், போதாது. இரண்டு வாங்கினால் 10.24. நீங்கள் சொன்ன பதினாறு செல் 14.3 யூனிட், தேவைக்கு இரு மடங்கு. வாட்டர் ஹீட்டரை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். குளியலறை ஹீட்டர் ஒன்றே 3.6 கிலோவாட், அது பேட்டரியில் ஓடினால் மற்றதெல்லாம் சேர்ந்து எடுப்பதைவிடக் கூடுதலாக இழுக்கும்.

காகிதக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஐம்பது அறுபது ரிங்கிட்டுக்குச் சுவர்ச் செருகியில் மாட்டும் மின்னளவி கிடைக்கும். அதை அம்மாவின் இயந்திரத்தில் ஒரு வாரம் மாட்டி வைத்துக் காலையில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வடிகட்டியில் தூசி அடைந்தால் இயந்திரம் எடுக்கும் மின்சாரமும் மாறும். சொந்த வீட்டு எண் கையில் இருந்தால், கடைக்காரர் எதையும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

இனி இன்வெர்ட்டர். பேட்டரியைப் பின்னால் பெரிதாக்கிக்கொள்ளலாம், பேனலையும் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். இன்வெர்ட்டரையும் வயரிங்கையும் இரண்டு ஆண்டு கழித்துப் பிடுங்கி மாற்றினால்தான் பணம் பாழாகும். இன்று நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டியது இந்த இரண்டைப் பற்றித்தான். நீங்களோ செல்லைப் பற்றி முப்பது வரியும் இன்வெர்ட்டரைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தேவை 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர்: பேட்டரி, மின்சார நிறுவனமான தெனாகாவின் இணைப்பு, பேனல் மூன்றையும் ஒரே பெட்டியில் ஏற்றுக்கொள்வது. சாதாரண சோலார் இன்வெர்ட்டரை இப்போது வாங்கிவிடாதீர்கள். தெருவில் மின்சாரம் போன மறுநொடி அதுவும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கூரை நிறைய வெயில் இருந்தும் வீடு இருட்டாகக் கிடக்கும். ஹைபிரிட் வகை அந்த நேரத்தில் தெருவிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, தனி முனை வழியாக வீட்டுக்குக் கொடுக்கும். துண்டித்து மாறும் இடைவெளி ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிநொடி. பெரும்பாலான ஆக்சிஜன் இயந்திரங்கள் அதை உணர்வதே இல்லை, ஆனால் உங்களுடையது உணர்கிறதா என்பதைச் சோதித்தே நம்புங்கள்.

வாங்குமுன் மூன்று காரியம் பாருங்கள். பின்னால் சோலார் ஏற்றித் தெனாகாவுக்கு மின்சாரம் விற்க நினைத்தால், அந்த இன்வெர்ட்டர் மாதிரி ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும். மாதிரி எண்ணைச் சோலார் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் காட்டி இன்றே கேட்டுவிடுங்கள். இரண்டாவது, பேனல் உள்ளீடு இரண்டு தனித்தனியாக இருக்கட்டும். நம் வரிசை வீட்டுக் கூரை முன்பக்கம் ஒரு சரிவும் பின்பக்கம் ஒரு சரிவுமாக இருக்கும், காலையில் ஒரு பக்கம் வெயில், மாலையில் மறுபக்கம். இரண்டையும் ஒரே சரத்தில் கோத்தால் ஒன்று மற்றதைப் பிடித்திழுக்கும். மூன்றாவது, வெறுமனே விழித்திருக்க அது எவ்வளவு எடுக்கிறது என்ற எண். இதை யாரும் பார்ப்பதில்லை. ஐம்பது வாட் எடுக்கும் இன்வெர்ட்டர் நாளுக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட் தின்னும். மின்தடையே வராவிட்டாலும் மாதம் 16 ரிங்கிட் போய்க்கொண்டே இருக்கும். விவரத்தாளில் அந்த எண்ணை அச்சிடாத பெட்டியை நான் வாங்குவதில்லை.

செல்லா, ஆயத்தப் பேட்டரியா? நான் பல ஆண்டுகளாகச் செல் வாங்கிக் கட்டுகிறவன், அந்த வேலையின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. இருந்தும் உங்களுக்கு நான் சொல்வது, ஆயத்தமாக வரும் பேட்டரி இரண்டு வாங்கி இணையாக மாட்டுங்கள் என்பதே. ஒன்று பழுதானாலும் மற்றது அம்மாவுக்கு ஓடும். பதினாறு செல்லை ஒரே சரமாகக் கட்டினால் ஒரு செல் கெட்டாலே மொத்தமும் நின்றுவிடும். செல் கட்டிப் பழக ஆசை இருந்தால் அதை விளக்குக்கும் ஃபேனுக்கும் தனியாகக் கட்டுங்கள், கை தேறியபின் விரிவாக்குங்கள்.

எப்படியிருந்தாலும் வேதியியல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டாகவே இருக்கட்டும். செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட், பதினாறு சேர்ந்து 51.2. உச்ச அளவு செல்லுக்கு 3.65 வோல்ட் என்றாலும் தினப் புழக்கத்துக்கு 3.45 போதும், மொத்தம் 55.2 வோல்ட்டில் நிறுத்துங்கள். இந்த வகையின் வோல்ட் அளவு நடுவில் தட்டையாகவே போகும். பாதி இருக்கிறதா முக்கால் இருக்கிறதா என்று வோல்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் அளவி ஒன்று கட்டாயம் வேண்டும். நம் ஊரில் பகலில் 32, 33 பாகை வெப்பம். அந்தச் சூட்டில் நூறு சதவீதம் நிரம்பியே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும் பேட்டரி சீக்கிரம் முதுமை அடையும். எண்பத்தைந்து சதவீதத்தில் நிறுத்தி வையுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் முழுதாக நிரப்பினால் செல்கள் தங்களுக்குள் சமன்பட்டுக்கொள்ளும்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

என் முதல் பேட்டரி எட்டு செல். செம்புப் பட்டைகளை முறுக்கிக்கொண்டிருந்தேன், பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர் கை வியர்வையில் நழுவி இரண்டு பட்டைகளின் மேல் குறுக்கே விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை, தீக்குச்சி உரசியது போல ஒரு சீறல்தான். கண் கூசி விழித்துப் பார்த்தபோது ஸ்பேனரின் வாயில் ஒரு பக்கம் இல்லை. உருகிப்போன இரும்பு சிறு சிறு மணிகளாக மேசைத் துணியைப் பொசுக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தது. என் மூக்குக் கண்ணாடியின் இடது வில்லையில் இரண்டு பொட்டு பதிந்திருந்தது. கண்ணாடி போடாதவனாக இருந்திருந்தால் அந்தப் பொட்டு எங்கே பதிந்திருக்கும் என்பதை இன்றும் நினைக்கிறேன். 48 வோல்ட் தொட்டால் ஆளை அடிக்காது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் இந்தச் செல்களின் உள்தடை அவ்வளவு குறைவு, குறுக்கே ஓர் இரும்பு விழுந்தால் பாயும் மின்னோட்டம் பல ஆயிரம் ஆம்பியர். அன்றிலிருந்து என் ஸ்பேனர்கள் எல்லாவற்றுக்கும் வாயை மட்டும் விட்டுவிட்டு மீதி முழுக்க டேப் சுற்றியிருக்கிறது. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

ஆகவே பேட்டரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வேண்டும், அதுவும் டி.சி.க்கென்றே செய்த, இருபதாயிரம் ஆம்பியரை அறுக்கக்கூடிய ‘கிளாஸ் டி’ (Class T) போன்ற வகை. வீட்டு டிபி பெட்டியில் (மின்விநியோகப் பெட்டி) இருக்கும், 6,000 ஆம்பியர் வரை அறுக்கும் பிரேக்கரை எடுத்து மாட்டிவிடாதீர்கள். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு வருவதால் பிரேக்கருக்குள் எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். டி.சி. சுழிக்கு வருவதே இல்லை. பொறி நீண்டு எரிந்து, பிரேக்கரே விறகாகிவிடும். 5 கிலோவாட்டை 48 வோல்ட்டில் எடுத்தால், இழப்பும் சேர்த்து, 110 ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும். அதற்கு 50 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் 150 ஆம்பியர் ஃப்யூஸும் பொருந்தும். புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் கம்பியும் அதன் முனையில் மாட்டும் லக்கும் கிடைக்கும். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காதீர்கள். ஹைட்ராலிக் கருவியால் அழுத்த வேண்டும். சரியாக அழுத்தாத லக் ஒன்றை நான் ஒரு நண்பர் வீட்டில் கழற்றினேன். வெள்ளி போலிருக்க வேண்டிய முலாம் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது, கம்பியின் தோல் விரல் நீளத்துக்கு இறுகிக் கருகிப்போயிருந்தது. மேலே உறை மூடியிருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. முழுச் சுமையை ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் வெப்பமானியைப் பிடித்துப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடாக இருப்பதைப் பிரித்து மறுபடி செய்யுங்கள்.

மாடிப்படிக்குக் கீழே வேண்டாம். தீ என்று வந்தால் மேல்மாடியில் படுத்திருக்கும் அம்மா இறங்கி வரவேண்டிய ஒரே வழி அந்தப் படி. பாஸ்பேட் வகை எளிதில் பற்றாது என்பது உண்மைதான். ஆனால் கெட்டுப்போன செல் கக்கும் வாயு எரியக்கூடியது, படிக்கட்டுக் கூண்டுக்குள் அது தேங்கும். கார் நிறுத்தும் முகப்பில், வெயில் நேராக விழாத செங்கல் சுவரில், இரும்பு அலமாரிக்குள் வையுங்கள். சாரல் படாத இடமா என்று ஒரு மழையில் நின்று பாருங்கள். தரையிலிருந்து நெஞ்சளவு உயரத்தில் ஏற்றுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்பதை நாம் எல்லாரும் பார்த்தோம். உங்கள் தெருவில் முன்பு தண்ணீர் எந்த மட்டம் வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அதற்கு மேல் வையுங்கள்.

230 வோல்ட் பக்கத்தை நீங்கள் தொடவே கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒப்பந்ததாரரின் வயர்மேன்தான் அதைச் செய்ய வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது, வீட்டுக் காப்புறுதியும் அதைத்தான் கேட்கும். அவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. அம்மாவின் அறை, ஃபிரிட்ஜ், கூடத்து விளக்கு ஃபேன் ஆகியவற்றைத் தனியாகப் பிரித்துச் சிறு டிபி ஒன்றில் வைக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் பழுதானால் அந்தச் சிறு டிபியை நேராகத் தெனாகாவுக்குத் திருப்பும் கைச்சுவிட்ச் ஒன்று வேண்டும், லைவும் நியூட்ரலும் இரண்டும் சேர்ந்து மாறுவதாக. நள்ளிரவில் நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் உங்கள் மனைவியோ தங்கையோ திருப்பக்கூடிய உயரத்தில், தமிழில் எழுதி ஒட்டியிருக்கட்டும்.

இன்னொன்றைப் பல வயர்மேன்களே விட்டுவிடுகிறார்கள். நம் வீடுகளில் எர்த் என்பது சுவரோரம் மண்ணில் அடித்த நம் சொந்தக் கம்பி. நியூட்ரல் தெனாகாவிடமிருந்து வருகிறது. மின்தடையின்போது இன்வெர்ட்டர் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டித்துவிட்டால், வீட்டு நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் தொடர்பே இல்லாமல் போகும். அப்போது எங்காவது மின்கசிவு ஏற்பட்டாலும் அந்த மின்சாரம் திரும்பி வர வழி இல்லாததால், உயிர்காக்கும் ஆர்சிசிபி என்ற மின்கசிவுப் பிரேக்கர் விழாமல் அப்படியே நிற்கும். பேட்டரியில் ஓடும் நேரத்தில் மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கும் ரிலே இன்வெர்ட்டருக்குள் இருக்க வேண்டும், அது இயக்கப்பட்டும் இருக்க வேண்டும். மெயினை அணைத்துப் பேட்டரியில் ஓடவிட்டு, ஆர்சிசிபி சோதனைக் கருவியை வைத்து அது விழுகிறதா என்று உங்கள் கண் முன்னே காட்டச் சொல்லுங்கள். இடி மிகுந்த ஊர் நம்முடையது, ஆகவே மின்னல் தாக்கு பாதுகாப்புக் கருவி ஒன்றும் அந்த டிபியிலேயே.

வயர்மேன் சுவரைக் கீறும் அதே நாளில் கூரைக்கடியிலிருந்து முகப்பு வரை 32 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை வெறுமனே புதைத்துவிடச் சொல்லுங்கள். இன்று நூறு இருநூறு ரிங்கிட் வேலை. இரண்டு ஆண்டு கழித்து வர்ணம் அடித்த சுவரை மறுபடி உடைக்க வேண்டியிருக்காது.

சோலார் வரும்போது கணக்கு மாறும். 2025 ஜூன் வரை இருந்த நெம் (NEM) என்ற சோலார் திட்டத்தில் தெனாகாவுக்குக் கொடுத்த யூனிட்டும் வாங்கிய யூனிட்டும் ஒன்றுக்கொன்று கழிந்தன. தெனாகாவே இலவசப் பேட்டரியாக இருந்தது. 2026 ஜனவரியில் தொடங்கிய சோலார் அதாப் திட்டத்தில் மிகுதி யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டண அளவில்தான் வரவு, அதாவது 27.03 சென். நீங்கள் வாங்கும்போது கொடுப்பது 44.43. பகலில் மிஞ்சும் யூனிட்டைப் பேட்டரியில் பிடித்து இரவில் எரித்தால் யூனிட்டுக்கு 17 சென் சொச்சம் மிச்சம், இழப்பைக் கழித்தால் நாளுக்குப் பத்து யூனிட்டில் ஒரு ரிங்கிட் முப்பது சென் போல. ஆண்டுக்கு ஐந்நூறு ரிங்கிட்டைத் தொடாது. அம்மாவுக்காக ஏற்கெனவே வாங்கிய பேட்டரி இந்தப் பணத்தையும் ஈட்டித் தரும் என்றால் நல்லது. இந்தப் பணத்துக்காகவே பேட்டரியைப் பெரிதாக்க வேண்டாம்.

பேனல் எட்டுப் போதும். 580 வாட் பேனல் எட்டு என்றால் 4.64 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கான 5 கிலோவாட் வரம்புக்குள் அடங்கும். நம் வானிலையில் கிலோவாட்டுக்கு நாளுக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால் பதினாறு யூனிட் வரும். நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை அருகில் இருக்கிறோம், எந்தத் திசை என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. பத்துப் பாகையாவது சரிந்திருந்தால் மழை தூசியைக் கழுவிவிடும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்பதை மட்டும் இந்த ஆண்டிலேயே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள், காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும்.

கடைசியாக அம்மாவைப் பற்றி. நீங்களோ நானோ கட்டியது எதையும் அவர் மூச்சுக்கு ஒரே துணையாக வைக்காதீர்கள். ஆக்சிஜன் உருளை ஒன்று அவர் கட்டிலருகே எப்போதும் நிறைந்திருக்கட்டும். குழாயை மாற்றி மாட்ட வீட்டில் எல்லாரும் பழகியிருக்கட்டும். எல்லா வேலையும் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், உருளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெயின் சுவிட்சை நீங்களே இறக்குங்கள். ஆக்சிஜன் இயந்திரம் அலறுகிறதா என்று கேளுங்கள். எட்டு மணி நேரம் அப்படியே ஓடவிட்டு, மணிக்கொருமுறை சதவீதத்தைக் காகிதத்தில் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து அதே சோதனையை மறுபடி செய்து, இரண்டு காகிதத்தையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். இன்வெர்ட்டர் மாதிரி எண்ணையும் டிபி பெட்டியின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், வயர்மேன் வருமுன் பார்த்துச் சொல்கிறேன்.